சூத்திரப் பார்சருக்குத் தானியங்கிச் சோதனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரமணி, வேளச்சேரி, சோழிங்கநல்லூர் வட்டாரத்து மென்பொருள் அலுவலகங்களில் வேலை பார்க்கும் சிலர் சேர்ந்து, தமிழில் எழுதிய சூத்திரங்களைக் கணக்கிடும் ஒரு பார்சரைப் பைத்தான் மொழியில் உருவாக்கி வருகிறோம். ‘கணிதம் + (இயற்பியல் + வேதியியல்)/2’ என்று எழுதி மதிப்பெண்களைக் கொடுத்தால் பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் வந்துவிடும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் வேலையாகச் சோதனை எழுதுவதைத்தான் கொடுக்கிறோம். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் கீழே. சில பதில்களில் குழுவிலேயே எல்லோரும் என்னோடு உடன்படுவதில்லை.

பார்சர் என்பது எதுவரை? எந்தப் பகுதிக்குச் சோதனை எழுத வேண்டும்?

சூத்திரம் மூன்று கட்டங்களைத் தாண்டி விடையாகிறது. முதலில் எழுத்து வரிசை டோக்கன்களாக வெட்டப்படுகிறது: எண், பெயர், செயற்குறி, அடைப்புக்குறி. அடுத்து, டோக்கன்கள் ஒரு மரமாக அடுக்கப்படுகின்றன. எது எதற்குள் அடங்கும் என்பது அங்கேதான் முடிவாகிறது. கடைசியில் மரத்தை அடியிலிருந்து மேலாகக் கணக்கிட்டு மதிப்பைக் காண்கிறோம். கறாராகப் பேசினால் பார்சர் என்ற பெயர் நடுக்கட்டத்துக்கே உரியது. வழக்கில் மூன்றையும் சேர்த்தே அப்படிச் சொல்லிவிடுகிறோம்.

மூன்றுக்கும் தனித்தனியே சோதனை வேண்டும். விடையை மட்டும் பார்க்கும் சோதனை தோற்றால், கோளாறு எந்தக் கட்டத்தில் என்று தேடுவதிலேயே அரைநாள் போகும். அதைவிட மோசம், ஒரு கட்டத்தின் பிழையை இன்னொரு கட்டம் மறைத்துச் சோதனை தேறிவிடுவது.

பைத்தானிலேயே ‘இவால்’ இருக்கிறதே, சூத்திரத்தை அதில் போட்டால் போதாதா?

போதாது. யாரோ தட்டச்சு செய்த வரியை இவால் அப்படியே நிரலாக இயக்கிவிடும். கோப்புகளை அழிக்கும் வரியும் நிரல்தான். போதாக்குறைக்கு, பைத்தானில் ^ என்பது அடுக்குக் குறியே இல்லை. 2^3 என்று கொடுத்தால் பிட் அளவிலான ஒரு கணக்கைச் செய்துவிட்டு 1 என்று சொல்லும்.

முதல் சோதனையாக எதை எழுதுவது?

பலரும் 1+1 என்று தொடங்குகிறார்கள். எழுதுங்கள், தவறில்லை. ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது: கருத்து வேறுபாட்டுக்கு இடமுள்ள சூத்திரங்களை எல்லாம் ஒரு அட்டவணையில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நம் பார்சர் என்ன விடை சொல்ல வேண்டும் என்று முடிவெடுப்பது. கணிதத்தில் ஒரே விடைதானே இருக்க முடியும் என்று நினைப்பவர்கள் -2^2 என்பதைப் பல இடங்களில் தட்டிப் பார்க்கலாம். எக்செல் 4 என்கிறது. கழித்தல் குறியை முதலில் எண்ணோடு சேர்த்துவிடுகிறது. பைத்தானில் அதற்கு இணையான கோவை -4 தரும். ஜாவாஸ்கிரிப்ட் இரண்டுக்கும் போகாமல், அடைப்புக்குறி போட்டுத் தெளிவாக எழுது என்று பிழை காட்டி நிறுத்திவிடும். மூன்றும் உலகம் முழுக்கப் புழங்குபவை.

2^3^2 இன்னொன்று. வலமிருந்து சேர்த்தால் 2^9, அதாவது 512. இடமிருந்து சேர்த்தால் 8^2, அதாவது 64. பாடப்புத்தக மரபும் பைத்தானும் முதல் வழி. எக்செல் இரண்டாவது வழி. 0^0 என்பதற்குப் பைத்தான் 1 என்கிறது, எக்செல் பிழை காட்டுகிறது.

எங்கள் அட்டவணையில் -2^2 என்பதற்கு -4, 2^3^2 என்பதற்கு 512, 0^0 என்பதற்கு 1. வேறு முடிவு எடுத்தவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. முடிவே எடுக்காமல், நிரல் தற்செயலாக எதைத் தருகிறதோ அதுவே சரி என்று விட்டுவிடுபவர்களோடுதான் சண்டை. அந்த அட்டவணையின் ஒவ்வொரு வரியும் ஒரு சோதனை. ஆறு மாதம் கழித்து ஒருவர் நிரலைச் சீர்படுத்தும்போது எங்கள் முடிவு சத்தமில்லாமல் மாறிவிடாதபடி அவை காவல் இருக்கும்.

6/2(1+2) என்ன விடை? வாட்ஸ்அப்பில் இதற்கு அடிதடியே நடக்கிறது.

எங்கள் பார்சரில் பிழை. எண்ணுக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே பெருக்கல் குறி கட்டாயம். 9 என்பவர்களும் 1 என்பவர்களும் வெளியே சண்டையைத் தொடரலாம்.

எந்த எண்களை வைத்துச் சோதிப்பது? ஏதாவது நான்கு எண் போட்டால் போதுமா?

சோதனை எழுதுவதில் பாதித் திறமை இங்கேதான் இருக்கிறது. சரியான பார்சரும் தவறான பார்சரும் ஒரே விடை தரும்படி எண்களைத் தேர்ந்தால், அந்தச் சோதனை இருந்தும் இல்லாததும் ஒன்றே.

கட்-ஆஃப் சூத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். கணித மதிப்பெண் முழுதாக, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி, மொத்தம் 200. மூன்று பாடத்துக்கும் 0 கொடுத்துச் சோதித்தால் எந்தக் கோளாறான பார்சரும் 0 என்று சொல்லித் தேறிவிடும். மூன்றுக்கும் 100 கொடுத்தால் கொஞ்சம் பரவாயில்லை: பெருக்கல் வகுத்தலுக்கு முன்னுரிமை தராத பார்சர் மாட்டிக்கொள்ளும். ஆனால் கணிதத்தின் மதிப்பையும் இயற்பியலின் மதிப்பையும் இடம் மாற்றிப் படிக்கும் பார்சர், இரண்டும் 100 என்பதால் தப்பிவிடும்.

97, 88, 93 என்று கொடுத்துப் பாருங்கள். சரியான விடை 187.5. கணிதமும் இயற்பியலும் இடம் மாறினால் 183 வரும். வகுத்தலில் பின்னத்தை வெட்டிவிடும் பிழை இருந்தால் 187 வரும். இயற்பியல், வேதியியல் கூட்டுத்தொகை ஒற்றைப்படையாக இருப்பதால்தான் அந்த அரை மதிப்பெண் கண்ணில் படுகிறது. அடைப்புக்குறியைக் கவனிக்காத பார்சர் 231.5 என்று 200-ஐத் தாண்டிப் போய்விடும். முன்னுரிமைப் பிழையையும் சேர்த்தால், ஒரே வரியில் நான்கு விதப் பிழைகளுக்குக் கண்ணி. அந்த அரை மதிப்பெண்ணுக்குள் எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள் என்பது கலந்தாய்வுக்குப் போன எந்தச் சென்னைக் குடும்பத்துக்கும் தெரியும்.

2 என்ற எண்ணிடம் தனியாக எச்சரிக்கை வேண்டும். 2+2, 2*2, 2^2 மூன்றும் 4. செயற்குறிகளைக் குழப்பும் பார்சரை 2 காட்டிக்கொடுக்காது. 0, 1 இரண்டும் எல்லைச் சோதனைக்குத் தேவை. வேறு எதற்கும் உதவாது. 3, 5, 7 போன்ற வெவ்வேறு பகா எண்களாகப் போடுவது எங்கள் வழக்கம்.

விடையைச் சோதித்தால் போதாதா? மரத்தை எதற்குத் தனியாகச் சோதிக்க வேண்டும்?

2+3+4 என்பதை இடமிருந்து சேர்த்தாலும் வலமிருந்து சேர்த்தாலும் 9. விடையைப் பார்த்து மரம் எப்படி அமைந்தது என்று சொல்லவே முடியாது. அதனால் என்ன நட்டம் என்றால், 0.1+0.2+0.3 கொடுத்துப் பாருங்கள். இடமிருந்து சேர்த்தால் 0.6000000000000001, வலமிருந்து சேர்த்தால் 0.6.

எங்கள் பார்சரில் மரத்தை முழு அடைப்புக்குறிகளோடு எழுத்தாக்கித் தரும் ஒரு சிறு வசதி வைத்திருக்கிறோம். 8-3-2 கொடுத்தால் ((8-3)-2) என்று வர வேண்டும்; -2^2 கொடுத்தால் (-(2^2)). மரச் சோதனைகள் எல்லாம் இப்படி இரண்டு எழுத்து வரிசைகளின் ஒப்பீடுதான். படித்தாலே புரியும், உள்ளே மரத்தை எந்த வடிவில் வைத்திருக்கிறோம் என்பதை மாற்றினாலும் சோதனைகளைத் தொட வேண்டியிருக்காது.

0.1+0.2 சோதனை தோற்கிறது. பார்சரில் பிழையா?

இல்லை. கணினி 0.1 என்பதை இரண்டடிமான எண்ணாகச் சேமிக்கும்போது அது முடிவில்லாப் பின்னமாகிறது. ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். ஐ.ஈ.ஈ.ஈ. 754 தரம் 1985-இல் வகுத்த முறை இது. விடை 0.30000000000000004 என்றுதான் வரும். ஆகவே பின்ன விடைகளைச் சமக்குறி போட்டு ஒப்பிடாமல், சிறிய இடைவெளி கொடுத்து, அதாவது இவ்வளவு வேறுபாடு வரை பரவாயில்லை என்று வைத்து, ஒப்பிட வேண்டும்.

இடைவெளி எவ்வளவு என்பதைச் சூத்திரம் தீர்மானிக்கட்டும். மாதத் தவணைக் கணக்கு: அசல்*வீதம்*(1+வீதம்)^தவணை/((1+வீதம்)^தவணை-1). ஒரு லட்சம் ரூபாய், மாதம் 1 சதவீதம், 12 தவணை என்றால் 8,884.88 ரூபாய். இங்கே அரைப் பைசா இடைவெளி போதும். வங்கியும் அதற்குக் கீழே பார்ப்பதில்லை.

எண்ணின் அளவைப் பொறுத்து மாறும் இடைவெளியில், அதாவது சார்பு இடைவெளியில், ஒரு பள்ளம் உண்டு. பைத்தானின் கணித நூலகத்தில் இருக்கும் ‘இஸ்க்ளோஸ்’, இயல்பாக எண்ணின் அளவில் நூறு கோடியில் ஒரு பங்கு வேறுபாட்டை அனுமதிக்கும். எதிர்பார்க்கும் விடை 0 என்றால் நூறு கோடியில் ஒரு பங்கும் 0 தான். பை-யின் சைன் மதிப்பு கணக்கில் சுத்தமான 0 ஆக வருவதில்லை. தசமப் புள்ளிக்குப் பின் 15 சுழியங்கள் தாண்டி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சோதனை ஒருநாளும் தேறாது. அங்கே எண்ணின் அளவைச் சாராத தனி இடைவெளி கொடுங்கள். பைத்தான் சோதனைக் கருவியான பைடெஸ்டின் ‘அப்ராக்ஸ்’ சார்பு இடைவெளியோடு ஒரு தனி இடைவெளியையும் தானாகவே சேர்த்துப் பார்க்கும்.

அதே தவணைச் சூத்திரத்தில் வட்டி வீதம் 0 என்று கொடுத்தும் ஒரு சோதனை எழுதுங்கள். வட்டியில்லாத் தவணை விளம்பரம் ஊரெங்கும் இருக்கிறது. இந்தச் சூத்திரமோ 0/0 ஆகிவிடும்.

மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைப்பதில் என்ன சிக்கல்?

நிறையவே இருக்கிறது. ஆங்கிலப் பார்சருக்கு எழுதிய சோதனைத் தொகுப்பை இறக்கிக்கொண்டால் இவற்றில் ஒன்றும் பிடிபடாது.

பெயர் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு குறியும் எழுத்தா என்று கேட்பது பலரின் வழக்கம். யூனிகோடில் ‘வட்டி’ என்பது ஐந்து குறிகள்: வ, ட, புள்ளி, ட, இகரக் குறி. புள்ளியும் இகரக் குறியும் எழுத்துகளாக வகைப்படுத்தப்படவில்லை, துணைக்குறிகளாகவே இருக்கின்றன. அதனால் பைத்தானின் ‘இஸ்ஆல்ஃபா’விடம் ‘வட்டி’ முழுக்க எழுத்துகளா என்று கேட்டால் இல்லை என்கும். வழக்கமான சொல் தேடும் வடிவத்தைக் கொடுத்தால், அதன் ‘ரீ’ நூலகம் ‘வட’, ‘ட’ என்று இரண்டு துண்டுகளைக் கொண்டுவந்து தரும். அதே பைத்தான், தன் சொந்த நிரலில் ‘வட்டி’ என்ற மாறியை மறுபேச்சின்றி ஏற்கிறது என்பது வேடிக்கை. பெயரா என்று கேட்க ‘இஸ்ஐடென்டிஃபையர்’ என்ற சரியான வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். சோதனையில் புள்ளி, கொம்பு, கால், சுழி எல்லாம் உள்ள பெயர்கள் வர வேண்டும்: ‘வட்டி’, ‘தொகை’, ‘எண்ணிக்கை’, ‘கூலி’. ‘அ’, ‘க’ என்று ஒற்றை எழுத்து மாறிகளோடு நிறுத்திவிட்டால் எல்லாம் பச்சையாகவே, அதாவது தேறியதாகவே, தெரியும்.

அடுத்தது ‘தொகை’. ஒகர உயிர்மெய்யை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறியாக ஒரே குறியில், அல்லது ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளில். திரையில் வேறுபாடு துளியும் தெரியாது. ஒருவர் ஒரு விதமாக மாறியை அறிவித்து, இன்னொருவர் மற்ற விதமாகச் சூத்திரத்தில் எழுதினால், ‘தொகை என்ற மாறி இல்லை’ என்று பிழை வரும். பார்ப்பவருக்குத் தலை சுற்றும். உள்ளே வரும் எல்லா எழுத்தையும் முதலிலேயே யூனிகோடு இயல்பாக்கத்துக்கு உட்படுத்தி, இரண்டு விதங்களையும் ஒரே விதமாக்கிவிடுவது தீர்வு. சோதனையில் இரண்டு வடிவங்களையும் குறியெண்களாகவே எழுதுங்கள். நேரடியாகத் தட்டச்சு செய்தால் எடிட்டர் உதவி செய்கிறேன் என்று இரண்டையும் ஒன்றாக்கிவிட வாய்ப்புண்டு.

இயல்பாக்கமும் தீர்க்காத ஒன்று: ‘கௌ’ என்பதற்குப் பதில் ‘கெ’ போட்டு ‘ள’ எழுதுவது. யூனிகோடுக்கு இவை வெவ்வேறு சொற்கள். நாங்கள் அதைத் திருத்த முயலவில்லை. தெரியாத மாறி என்ற பிழையில், கிட்டத்தட்ட ஒத்த பெயர் இருந்தால் அதையும் சேர்த்துக் காட்டுகிறோம். அதற்கும் ஒரு சோதனை உண்டு.

தமிழ் எண்களை ஏற்க வேண்டுமா?

பைத்தானிடம் ‘௧௨’ என்பதை முழு எண்ணாக்கச் சொன்னால் தயங்காமல் 12 என்கும். ஆனால் ‘௰’ என்ற பத்தின் குறி இலக்கம் இல்லை. எண் மதிப்பு மட்டும் உள்ள குறி. டோக்கன்களாக வெட்டும் பகுதியான டோக்கனைசர் ‘இஸ்நியூமெரிக்’ என்று கேட்டால் ஆம் என்று பதில் வரும். பிறகு எண்ணாக்கும்போது நிரல் விழுந்துவிடும். ‘5²’ என்று எங்கிருந்தோ ஒட்டப்பட்ட மேலெழுத்து இரண்டும் இப்படித்தான் ‘இஸ்டிஜிட்’ என்பதை ஏமாற்றும். இலக்கத்துக்கு ‘இஸ்டெசிமல்’ ஒன்றே நம்பகமானது.

௧ என்பதும் க என்பதும், ௭ என்பதும் எ என்பதும் பல எழுத்துருக்களில் கண்ணுக்கு ஒன்றேபோல் இருக்கும். இந்தக் காரணத்தால் தமிழ் எண்களை ஏற்பதில்லை என்று முடிவெடுத்தோம். மறுப்பதற்கும் சோதனை வேண்டும்: ‘௧௨+3’ கொடுத்தால் 15 வரக்கூடாது, பிழை வர வேண்டும்.

1,00,000 என்று காற்புள்ளியோடு எழுதினால்?

இது ஆபத்தானது, ஏனென்றால் பிழையே காட்டாமல் தவறான விடை வரும். காற்புள்ளி சார்பின் (ஃபங்ஷனின்) உள்ளீடுகளைப் பிரிக்கும் குறியாக இருந்தால், உள்ளீடுகளில் பெரியதைத் தரும் சார்பான பெரியது(12,34,567) என்பது 567 என்று சொல்லும். எழுதியவர் பன்னிரண்டு லட்சத்தை நினைத்திருப்பார். சுழியத்தில் தொடங்கும் எண்களைத் தடை செய்தால் 1,00,000 மாட்டும், 12,34,567 மாட்டாது. நெடிய வாக்குவாதத்துக்குப் பிறகு உள்ளீடுகளைப் பிரிக்க அரைப்புள்ளியை எடுத்துக்கொண்டோம். தசமத்துக்குக் காற்புள்ளி போடும் ஐரோப்பிய நாடுகளில் எக்செல்லும் அதையே செய்கிறது. இப்போது சூத்திரத்தில் காற்புள்ளி எங்கே வந்தாலும் பிழை.

சதவீதக் குறி?

200+10% என்பதற்குப் பல கைபேசிக் கால்குலேட்டர்கள் 220 என்கின்றன, எக்செல் 200.1 என்கிறது. தி. நகரில் நகை வாங்கி, எடை*விலை+10% என்று சேதாரத்தைக் கூட்டிப் பார்ப்பவர் முதல் விடையைத்தான் எதிர்பார்ப்பார். அந்த வசதியைக் கொடுத்தால் % என்பதன் பொருள் அதற்கு முன்னால் இருப்பதைப் பொறுத்து மாறும். 200*10% என்ன, (200+10)% என்ன என்று ஒவ்வொன்றாக விதி சொல்ல வேண்டிவரும். எங்கள் முடிவு: % என்றால் நூறால் வகு, அவ்வளவே. சோதனைகள்: 200+10% என்பது 200.1, -50% என்பது -0.5, 4^50% என்பது 2. 200*(1+10%) என்பதற்கு 220 எழுதும்போது இடைவெளி கொடுக்க மறக்காதீர்கள், 220.00000000000003 வரும்.

பிழைச் செய்திகளையும் சோதிக்க வேண்டுமா?

கட்டாயம். பயனர் எழுதும் சூத்திரங்களில் பல முதல் தடவை தவறாகத்தான் இருக்கும். ஆனால் செய்தியின் வாசகத்தைச் சோதிக்காதீர்கள். யாராவது ஒரு சந்திப்பிழையைத் திருத்தினால் நாற்பது சோதனைகள் சிவப்பாகும். பிழையின் வகை, அது நேர்ந்த இடம் இரண்டும் போதும்.

இடம் என்பதிலும் தமிழ் தன் வேலையைக் காட்டும். வட்டி+*2 என்பதில் பெருக்கல் குறி எத்தனையாவது? கண்ணுக்கு ஐந்தாவது. யூனிகோடு குறிகளை எண்ணினால் ஏழாவது. அம்புக்குறி போட்டுக் காட்டும்போது ஏழு என்று வைத்தால் அம்பு அந்தரத்தில் நிற்கும். பயனருக்குக் காட்டும் இடம் கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கணக்கில்தான் இருக்க வேண்டும்.

வெற்று வரி, மூடாத அடைப்புக்குறி, 3..5, வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டியதால் நீண்டுபோன கழித்தல் கோடு, ×, ÷, கண்ணுக்குத் தெரியாத சிறப்பு இடைவெளி இவை எல்லாம் தொகுப்பில் இருக்கட்டும். கடைசி நான்கை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். பிழை சொல்லிப் பயனரைத் துன்புறுத்துவதில் பயனில்லை.

மிக நீண்ட, மிக ஆழமான சூத்திரங்களுக்கு எப்படிச் சோதனை எழுதுவது? விடையை யார் கணக்கிடுவது?

தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷன்களால் எழுதிய பார்சர், ஒவ்வொரு அடைப்புக்குறிக்கும் நான்கைந்து அழைப்புகள் உள்ளே போகும். பைத்தானின் இயல்பான எல்லை 1000 அழைப்புகள்; ஆகவே இருநூறு சொச்சம் அடைப்புக்குறிகளிலேயே நிரல் சரிந்துவிடலாம். நாங்களே 100 என்று எல்லை வைத்தோம். 100 அடைப்புக்குறி தேற வேண்டும், 101-க்கு எங்கள் சொந்தப் பிழைச் செய்தி வர வேண்டும்.

ஆழமான சூத்திரத்துக்கு விடை தெரிந்த சோதனை வேண்டும் என்றால், அதை ராமானுஜன் எப்போதோ எழுதிவைத்துவிட்டார். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்வதற்கு முந்தைய ஆண்டு, 1911-இல், இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: 1-உடன் இருமடங்கு வர்க்கமூலம், அதற்குள் 1-உடன் மும்மடங்கு வர்க்கமூலம் என்று முடிவில்லாமல் போகும் கோவையின் மதிப்பு என்ன? விடை 3. அதை எந்த ஆழத்திலும் வெட்டி, சுத்தமாக 3 வரும்படி முடிக்கலாம். மூலம் என்பது வர்க்கமூலச் சார்பு என்றால்:

மூலம்(1+2*4)
மூலம்(1+2*மூலம்(1+3*5))
மூலம்(1+2*மூலம்(1+3*மூலம்(1+4*6)))

உள்ளிருந்து பாருங்கள்: 25-இன் மூலம் 5, 16-இன் மூலம் 4, 9-இன் மூலம் 3. எல்லாம் முழு வர்க்கங்கள் என்பதால் இடைவெளி கொடுக்கவும் தேவையில்லை, சமக்குறியே போடலாம். கடைசி எண் மட்டும் அதற்கு முந்தையதைவிட 2 கூடுதலாக இருக்க வேண்டும். மூன்று வரிச் சுழல் ஒன்று எந்த ஆழத்துக்கும் இந்தச் சூத்திரத்தை உருவாக்கிவிடும். விடை எப்போதும் 3. எங்கள் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

ஆழம் இல்லாமலேயே ஆளை விழுத்தும் சூத்திரமும் உண்டு: 9^9^9. முழு எண்ணாகக் கணக்கிட்டால் விடையில் 36,96,93,100 இலக்கங்கள். பைத்தான் அதையும் மனம் தளராமல் கணக்கிடத் தொடங்கும். சர்வர் மூச்சுத் திணறும். அடுக்குக்கு ஒரு மேல்வரம்பு வையுங்கள். சோதனைக்கு நேர வரம்பும் வையுங்கள்.

கையால் எழுதிய சோதனைகள் எல்லாம் தேறுகின்றன. இனி கவலை இல்லையே?

நமக்குத் தோன்றாத சூத்திரங்களுக்கு நாம் சோதனை எழுதியிருக்க மாட்டோம். அதற்குத்தான் பண்புச் சோதனை. கோயன் கிளாசனும் ஜான் ஹியூஸும் ஹாஸ்கல் மொழிக்காக எழுதிய ‘குவிக்செக்’ பற்றிய கட்டுரை 2000-இல் வெளிவந்தது. பைத்தானில் அந்த வழியில் வந்தது ‘ஹைப்பாதெசிஸ்’. குறிப்பிட்ட எண்ணையும் விடையையும் கொடுக்காமல், எந்தச் சூத்திரத்துக்கும் பொருந்த வேண்டிய ஒரு பண்பைச் சொல்கிறோம். கருவி நூற்றுக்கணக்கான உள்ளீடுகளைத் தானே உருவாக்கி அதை உடைக்கப் பார்க்கிறது.

பார்சருக்கு மிகவும் பொருந்தும் பண்பு ஒன்று: ஏதோ ஒரு மரத்தை உருவாக்கு, அதைச் சூத்திரமாக எழுது, திரும்பப் பார்ஸ் செய், அதே மரம் வர வேண்டும். தேவையற்ற அடைப்புக்குறிகளை நீக்கி அழகாக எழுதும் பகுதியில் பிழை இருந்தால் இது சில நொடிகளில் பிடித்துவிடும். கருவி தான் கண்ட எதிர் உதாரணத்தைச் சுருக்கிச் சுருக்கி, இயன்ற சிறிய வடிவில் நம்மிடம் தரும். 0-(0-0) என்று வந்தால் சிரிக்காதீர்கள். அடைப்புக்குறி காணாமல் போனாலும் விடை 0 தான். மரங்களை ஒப்பிட்டதால்தான் சிக்கியது. -3 என்ற எதிர்ம எண்ணும், 3-க்கு முன் போட்ட கழித்தல் குறியும் வெவ்வேறு மரங்களாக இருப்பதும் இதே சோதனையில் தலைகாட்டும். பார்சருக்கு எதிர்ம எண் என்று ஒன்றே கிடையாது என்று முடிவெடுத்தால் அது தீரும்.

இன்னொன்று: எந்தக் குப்பையை உள்ளே போட்டாலும் மரம் வர வேண்டும், அல்லது நம் சொந்தப் பிழை வர வேண்டும். வேறு எந்த வகைப் பிழையும் வெளியே தெரியக்கூடாது.

எக்செல் விடையோடு ஒப்பிட்டால் போதாதா?

எங்கே முரண்படும் என்று தெரிந்துகொண்டு செய்தால் நல்ல வழி. 2.5-ஐ முழுமையாக்கினால் எக்செல் 3, பைத்தான் 2. பைத்தான் நடுவில் நிற்கும் எண்ணை இரட்டைப்படைப் பக்கம் தள்ளும். -7-ஐ 3-ஆல் வகுத்த மீதி எக்செல்லிலும் பைத்தானிலும் 2, ஜாவாஸ்கிரிப்டில் -1. அடிமானம் சொல்லாத மடக்கை எக்செல்லில் பத்தடிமானம், பைத்தானில் இயல் மடக்கை. இவை எல்லாம் மீண்டும் முடிவு அட்டவணைக்குப் போக வேண்டியவை.

நிரலின் எல்லா வரிகளும் சோதனையில் இயங்குகின்றன, 100 சதவீதம். போதும்தானே?

வரி இயங்கியதற்கும் சோதிக்கப்பட்டதற்கும் தூரம் அதிகம். நிரலில் ஒரு + குறியை - ஆக்கிவிட்டுச் சோதனைகளை ஓட்டுங்கள். எதுவும் தோற்கவில்லை என்றால் அந்த வரிக்குச் சோதனை இல்லை என்று பொருள். இதையே ‘மியூட்மட்’ போன்ற கருவிகள் நிரல் முழுக்கச் செய்து, எந்த மாற்றம் பிடிபடாமல் தப்பியது என்று பட்டியல் தரும். எந்தச் செயற்குறி முதலில் என்று சொல்லும் முன்னுரிமை எண்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் சோதனைகளை எழுதச் சொல்லலாமா?

சொல்லலாம், நிரலைக் காட்டாமல். நிரலைக் காட்டினால் அது இப்போது தரும் விடையையே சரியான விடையாக எழுதித் தந்துவிடும் அபாயம் இருக்கிறது. பிழைக்கும் சேர்த்தே காவல் போட்டதாகிவிடும். முடிவு அட்டவணையைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். எண்களை மட்டும் நீங்களே தேருங்கள். 2-ஐயும் 1-ஐயும் அள்ளிப் போடும் பழக்கம் அதற்கும் இருக்கிறது.

பயனர் ஒருவர் பிழையைக் கண்டுபிடித்துச் சொல்கிறார். முதலில் என்ன செய்வது?

நிரலைத் தொடாதீர்கள். அவர் அனுப்பிய சூத்திரத்தை அப்படியே, இடைவெளி உட்பட, ஒரு சோதனையாக எழுதி அது தோற்பதைக் கண்ணால் பாருங்கள். பிறகு திருத்துங்கள். அந்தச் சோதனை தொகுப்பில் நிரந்தரமாக இருக்கட்டும். மேலே ஒரு வரியில், எதைப் பற்றிய முறையீடு என்று எழுதுங்கள். அனுப்பியவர் பெயர் வேண்டாம்.

எதற்குச் சோதனை தேவையில்லை?

வர்க்கமூலமும் சைனும் பத்தாவது தசமத்தில் சரியாக இருக்கின்றனவா என்று நாம் பார்க்க வேண்டாம். அவை நூலகத்தின் பொறுப்பு. சரியான ஃபங்ஷனை, சரியான உள்ளீட்டோடு அழைத்தோமா என்பது மட்டும் நம் பொறுப்பு. பாகையா ரேடியனா என்பது அதில் அடக்கம். சைன்(30) என்று ஒரு சோதனை எழுதினால் அது தீர்ந்தது: பாகை என்றால் 0.5, ரேடியன் என்றால் -0.988. உள்ளே ஒளிந்திருக்கும் சிறு ஃபங்ஷன்களுக்கும் தனிச் சோதனை எழுதாதீர்கள். நாளை அவற்றை உடைத்து மாற்றி எழுத வேண்டிவரும்.